உப்புப் பாக்கெட்டில் சாய்ந்திருப்பவன்

நரின் நகரத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
அனார்குல்லின் கடையில்
அவள் கணவன் உப்புப் பாக்கெட்டில் சாய்ந்திருக்கிறான்.
ஒரு சாண் உயரம்கூட இல்லை.
கண்ணாடியில் ஒரு விரிசல், அவன் காதைத் தாண்டிப் போகும்.

ஆள் இருப்பது மாஸ்கோவில்.
கிடங்கில் இரவு வேலை,
ஆறு பேர் படுக்கும் அறையில் ஜன்னலோரக் கட்டில்.
அங்கே மூன்று மணி நேரம் பின்னால்.
இவள் ஷட்டரைத் தூக்கும்போது
அவன் பூட்ஸைக் கழற்றுகிறான்.

பேசிக்கொள்வதில்லை.
அழைத்து, எடுத்து, சாய்த்து வைத்துவிட்டு
அவரவர் பாடு.
இவள் ரொட்டி அடுக்குவாள், அவன் தேநீர் குடிப்பான்.
பிறகு தூங்கிப்போவான். குறட்டை
கடை முழுக்கக் கேட்கும்.
அப்போது மட்டும் அவள் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பதை
நான் பார்த்திருக்கிறேன்.

நாங்களும் பழகிவிட்டோம்.
நுழைந்ததும் அவளுக்கு ஒரு சலாம், உப்புக்கு ஒரு சலாம்.
மாவு வாங்க வரும் தொக்தொசுன்
"அங்கே பனியா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.
பையன்கள் மிட்டாய் ஜாடிக்குள் கைவிட்டால்
உப்புப் பக்கமிருந்து ஓர் உறுமல்:
"டேய், எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."
ஒருமுறை எனக்கு இருபது சோம் குறைவாக மீதி தந்தாள்.
நான் கவனிக்கவில்லை.
அவன் கவனித்தான்,
மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, கொட்டாவி விட்டபடி.

அந்தப் பாக்கெட்டை எடுக்காதே என்று
யாரும் யாருக்கும் சொன்னதில்லை.
உப்பு வேண்டுமென்றால் பின்வரிசையில் கைவிட்டு எடுக்கிறோம்.
முன்னால் இருப்பது மூன்று வருஷத்துப் பழசு,
இந்நேரம் கல்லாகியிருக்கும்.

கடன் நோட்டில் அவனுக்கும் ஒரு பக்கம் உண்டு.
மாதா மாதம் டேட்டா பேக் போடும் காசை
அவன் பெயரில் எழுதி வைக்கிறாள்.
கூட்டிப் பார்த்ததில்லை.
கூட்டினால் ஒரு பசுமாடு தேறும் என்கிறார் தொக்தொசுன்.

காற்று அடிக்கும் நாட்களில்
மலைமேலிருக்கும் கோபுரம் தடுமாறும்.
படம் உறைந்துபோகும்.
கோப்பை உதட்டருகே நிற்க, கண் பாதி மூடியிருக்க,
அவன் முகத்தின் மேல் சின்ன வட்டம் சுற்றும்.

அன்றைக்கு நான் தீப்பெட்டி வாங்க நின்றிருந்தேன்.
வட்டம் வந்ததும்
அவள் கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தாள்.
பேருந்து நகர்வதற்குள் சொல்லிவிட வேண்டியவள்போல,
மூச்சு விடாமல்:

"பாய்லர் ஒழுகுது. உங்க அண்ணன் அந்தக் கடனைத் திருப்பவேயில்ல.
போன மாசம் பின்பல் ஒண்ணைப் பிடுங்கினேன், சொல்லல.
ராத்திரி வாசல்ல எந்தக் கார் நின்னாலும்
எழுந்து உக்காந்துடறேன்.
இந்த வருஷம் வர வேணாம்னு சொன்னேனே,
அது பணம் சொன்னது."

நான் தீப்பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இது அவளுக்கு முதல் தடவை இல்லை.
எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பதுவரை தெரிந்திருந்தது.
படம் நின்றால் குரலும் நின்றுவிடும் என்று
யார்தான் சொன்னார்களோ.
கஸானில் படிக்கும் என் மகளிடம்
சிலையாய் நின்றபடி நான் திட்டியதெல்லாம்
முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.
சொல்லலாமா என்று நினைத்தேன்.
குளிர் காலை நேரம். வாயை மூடிக்கொண்டேன்.

வட்டம் மறைந்தது. கோப்பை உதட்டைத் தொட்டது.
அவள் அட்டையைத் தூக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
அதற்குள்
"எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றான்.

கடையில் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை.
கோபுரம் இந்தத் தடவை நன்றாகத்தான் வேலை செய்தது.

நான் ஐம்பது சோம் நீட்டினேன்.
அவள் மீதியை என் உள்ளங்கையில் வைத்தாள்,
அவன் எண்ணவில்லை.